நகையை அடகு வைக்க முதல் பழைய லெப்டொப்பைத் திறந்து பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் உயர்தரம் முடித்த பிள்ளையோ, கம்பஸ் போகக் காத்திருக்கும் பிள்ளையோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகப் பேச்சு தொடங்கினால் என் வட்ஸ்அப்புக்கு ஒரே கேள்விதான் வரும். "டீச்சர், பிள்ளைக்கு எந்த லெப்டொப் வாங்கலாம்?" வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், நான் படிப்பிக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோரும் கேட்கிறார்கள். நான் படிப்பிப்பது கணிதம். கொம்பியூட்டர் என் பாடமல்ல. ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, வகுப்பெல்லாம் போனுக்கும் சூமுக்கும் போன நாளில் இருந்து பிள்ளைகளின் லெப்டொப் பிரச்சினையும் பாடத்தோடு சேர்ந்து என்னிடம் வந்துவிட்டது. அப்படியே பழகி, இன்றைக்கு ஸ்குரூ டிரைவர் ஒன்றும் என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது.

என்னிடம் இப்போது ஒரே பதில்தான் உண்டு. வீட்டில் பழைய லெப்டொப் இருக்கிறதா? முதலில் அதைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். கப்பலில் வரும் எந்தப் பொருளும் முந்திய விலைக்குத் திரும்பவில்லை. சம்பளமும் அந்த வேகத்தில் ஏறவில்லை. அதனால் ஒரு லெப்டொப் என்றால் இன்று பல வீடுகளில் தவணைக் கடன், இல்லாவிட்டால் அடகுக் கடை.

2024 கடைசியில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்கிறேன். அந்த வீட்டில் கேட்டு, பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை. கொட்டாஞ்சேனையில் வீடு. கம்பஸுக்குத் தெரிவாகிவிட்டாள். அப்பா 2021 இல் தவறிவிட்டார். அவர் 2017 இல் வாங்கிய லெப்டொப் ஒன்று வீட்டில் இருந்தது. அதை ஓன் பண்ணினால் விண்டோஸ் வருவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்துவிடலாம். ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். அம்மா எனக்குக் கோல் எடுத்தார்.

"டீச்சர், கடைல பாத்துட்டு இது முடிஞ்சுதாம்னு சொல்லிட்டாங்க. பழசைக் குடுத்தா புதுசுல கொஞ்சம் குறைச்சுத் தருவாங்களாம். காப்பு ரெண்டையும் வச்சிட்டு நாளைக்கு வாங்கிடலாம்னு இருக்கேன். எந்த மொடல் நல்லம்?"

"அம்மா, அந்தப் பழைய லெப்டொப்புக்குள்ள என்ன எல்லாம் இருக்கு?" என்று கேட்டேன்.

போனுக்குப் பின்னால் இருந்து பிள்ளைதான் பதில் சொன்னாள். "அப்பாட போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு டீச்சர்."

காப்பை ஒரு கிழமைக்கு அலுமாரியிலேயே வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் பாடசாலை விட்டதும் அந்த லெப்டொப்பை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போனோம்.

அவன் செய்த முதல் வேலையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் மூளையாக வேலை செய்யும் சீ.பி.யூ எவ்வளவு, ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று வீதத்தில் காட்டும். அந்த லெப்டொப்பில் சீ.பி.யூ 10 வீதத்தில் சும்மா இருந்தது. ரேமில் பாதி காலி. டிஸ்க் மட்டும் 100 இல் நின்றது. அதாவது மற்ற எல்லோரும் ஒருவருக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்த ஒருவர்தான் ஹார்ட் டிஸ்க். அது ஒரு இயந்திரம். உள்ளே தட்டு ஒன்று சுற்றும், அதற்கு மேலே ஊசி மாதிரி ஒரு கை போய் வந்து வாசிக்கும். பழைய லெப்டொப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுத்திருக்கிறேன். 5400 ஐ 60 ஆல் பிரித்தால் செக்கனுக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். தேடுகிற இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். அந்தக் கை சரியான வட்டத்துக்குப் போய்ச் சேர இன்னும் பத்து மில்லி செக்கன் அளவு. இரண்டையும் கூட்டினால், அது ஒரு செக்கனுக்கு அறுபது எழுபது இடங்களைத்தான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் எழும்புவதற்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்கள் வேண்டும். பிறகு ஏன் தேத்தண்ணி ஆறாது?

எஸ்.எஸ்.டி என்பதில் சுற்றும் தட்டும் இல்லை, கையும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சிப்தான், ஆனால் அதைவிட எவ்வளவோ வேகம். எந்த இடத்தில் இருப்பதையும் ஒரு மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துத் தரும். தோஷிபா கம்பனியில் வேலை செய்த புஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியியலாளர் 1980 களில் கண்டுபிடித்த பிளாஷ் நினைவகம்தான் இதற்கு அடிப்படை. 1956 இல் ஐ.பி.எம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு அலுமாரியை விடப் பெரிது. 50 தட்டுகள், ஒரு டன் பாரம், அதற்குள் 50 இலட்சம் எழுத்துகள் மட்டும். இன்று சுவிங்கம் துண்டு அளவிலான ஒரு குச்சியில் அதைப் போல ஒரு இலட்சம் மடங்கு போட்டுக்கொண்டு வருகிறோம்.

அந்தக் குச்சிக்குப் பெயர் எம்.2. கடையில் 2280 என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம், 22 மில்லி மீற்றர் அகலம், 80 மில்லி மீற்றர் நீளம் என்பதுதான் அது. 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு.

அந்தப் பிள்ளையின் லெப்டொப்பின் அடி மூடியைக் கழற்றியபோது, எம்.2 துளை ஒன்று காலியாகவே இருந்தது. ஏழு வருடமாக யாரும் திறந்து பார்க்கவில்லை.

இங்கேதான் நிறையப் பேரின் காசு வீணாகிறது. எம்.2 என்பது அளவின் பெயர் மட்டும். அதற்குள் இரண்டு சாதி. ஒன்று சாட்டா, மற்றது என்.வி.எம்.இ. சாட்டா செக்கனுக்கு 550 மெகாபைட் அளவு வாசிக்கும். என்.வி.எம்.இ 3,000 ஐயும் தாண்டும். சில லெப்டொப் ஒன்றை மட்டும் எடுக்கும், சிலது இரண்டையும் எடுக்கும். பிள்ளையின் மாமா ஒருவர் உதவி செய்ய நினைத்து ஒரு குச்சியை முன்கூட்டியே வாங்கி வந்திருந்தார். அது என்.வி.எம்.இ. துளைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தது, ஆனால் லெப்டொப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தத் துளை சாட்டாவை மட்டும் எடுக்கும் துளை. நல்ல காலம், பில் இருந்தது, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். பொன் ஊசிகள் இருக்கும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். லெப்டொப்பின் அடியில் இருக்கும் மொடல் இலக்கத்தைப் போட்டோ எடுத்து, அந்தக் கம்பனியின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறினால் மாடிக்கு மாடி கொம்பியூட்டர் கடைதான். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். வொரண்டி எத்தனை வருடம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

குச்சியைப் போடுவது ஐந்து நிமிட வேலை. சார்ஜரைக் கழற்றி, பெற்றரி வயரையும் கழற்றிவிட்டு, குச்சியைக் கொஞ்சம் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, ஒரு சின்ன ஆணியைப் போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மாணவன் அந்த ஆணியைத் தொட முதலே என்னைப் பார்த்துச் சொன்னான்:

"டீச்சர், வேகம் எல்லாம் பிறகு பாப்போம். இந்தப் பழைய டிஸ்க் சாகப் போகுது. சில இடங்களை இப்பவே வாசிக்குதில்ல. இனி அடிக்கடி ஓன் பண்ண வேணாம். முதல்ல உள்ள இருக்கிறத வெளிய எடுப்போம்."

ஹார்ட் டிஸ்க்கின் ஊசி தட்டைத் தொடுவதில்லை. சில நனோ மீற்றர் உயரத்தில் மிதந்துகொண்டு ஓடும். தலைமயிரின் தடிப்பு அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அந்த இடைவெளியோடு ஓடிக்கொண்டு இருக்கும் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போகிறோம். திரீவீலில் பள்ளம் விழுத்தி எடுக்கிறோம். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட் ஆன நாட்களில், பெற்றரி செத்துப்போன லெப்டொப்கள் எத்தனை தடவை இடையில் நின்றிருக்கும்?

இரவு முழுக்க ஓடவிட்டு வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தான். விடியும்போது கிட்டத்தட்ட எல்லாம் வந்திருந்தது. ஒரு நாற்பது போட்டோ மட்டும் திறக்கவில்லை. பிள்ளை சின்ன வயதில் அப்பாவோடு எடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருவிழாப் படங்கள் சிலதும் அதற்குள் போய்விட்டன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அம்மாதான் கேட்டார், "டீச்சர், அந்தக் கடைல குடுத்திருந்தா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

புதுக் குச்சியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். ஓன் பண்ணினால் 20 செக்கனுக்குள் வந்துவிடுகிறது. மொத்தச் செலவு, அவர்கள் பார்த்து வைத்திருந்த புது லெப்டொப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை. காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

இப்போது, இதைவிட முக்கியமான விசயம். பழைய டிஸ்க்.

அமானிதம் என்று எங்கள் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் எங்களை நம்பி ஒப்படைத்த பொருள். அதை அவர் கேட்காவிட்டாலும் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். நான் ஆசிரியை என்பதால் இது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் வினாத்தாள், புள்ளிப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பெற்றோரின் அடையாள அட்டை, வீட்டு விலாசம் எல்லாம் போனிலும் லெப்டொப்பிலும்தான் ஓடித் திரிந்தன. எங்கள் ஆசிரியர்களின் பழைய டிஸ்க்குகளில் மற்றவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டு லெப்டொப்பில் உங்கள் வங்கிக் கடிதம், பாஸ்போட் பிரதி, பெண் பிள்ளைகளின் போட்டோ.

டிலீட் பண்ணிவிட்டேன், போர்மட் பண்ணிவிட்டேன் என்பீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாகப் போர்மட் பண்ணினால் அழிவது பெயர்ப் பட்டியல்தான். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்த மாதிரி. மற்றப் பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவச மென்பொருளைப் போட்டே திரும்ப எடுத்துவிடலாம். அந்தப் பிள்ளையின் போட்டோக்களைக் காப்பாற்றிய அதே வித்தைதான், யாரோ ஒருவரின் கையில் உங்கள் போட்டோக்களையும் எடுத்துக் கொடுக்கும். எங்கள் நாட்டில் தனிப்பட்ட தரவைப் பாதுகாப்பதற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி நாமே கையில் கொடுத்துவிட்ட பிறகு சட்டத்தை எங்கே தேடுவது?

ஆகவே, மறக்காமல் செய்ய வேண்டியவை:

1. முதலில் பிரதி. லெப்டொப்பைத் திறக்க முதல், வேண்டியதையெல்லாம் வேறொரு இடத்தில் எடுத்து வையுங்கள். விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டால் திறக்காது.

2. எல்லா லெப்டொப்புக்கும் இது சரி வராது. சில மலிவான லெப்டொப்களில் 32 அல்லது 64 ஜீ.பி சேமிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்ற முடியாது. ரேம் 4 ஜீ.பி மட்டும் என்றால் அதையும் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். எம்.2 துளை இல்லாவிட்டாலும் கவலை இல்லை, பழைய டிஸ்க்கின் அதே இடத்தில் போடும் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி இருக்கிறது.

3. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறை போன்ற பழைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்காது, எஸ்.எஸ்.டி போட்டாலும் ஏற்காது. நான் சொன்ன பிள்ளையின் லெப்டொப்பில் இப்போது லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறார்கள். இலவசம். கட்டுரை எழுத, சூம் பார்க்கப் போதும். ஆனால் கட்டடக்கலை, பொறியியல் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் சில மென்பொருள்கள் அதில் ஓடாது. அவர்கள் பாடநெறியில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

4. 500 ஜீ.பி வாங்கினால் 465 தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

5. "எஸ்.எஸ்.டி எழுத எழுதத் தேயுமாமே?" தேயும். ஆனால் சாம்சங் 860 எவோ 500 ஜீ.பி இற்குக் கம்பனி உத்தரவாதம் 300 டெராபைட் எழுதும் வரை. பிள்ளை நாளுக்கு 20 ஜீ.பி எழுதினாலும் கணக்குப்படி 41 வருடம். அதற்குள் அவளுடைய பிள்ளை கம்பஸ் போய்விடும்.

6. எஸ்.எஸ்.டியில் போட்டோவைப் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கரண்ட் இல்லாமல் கிடந்தால் சிப்பில் இருப்பது மெல்ல மெல்லக் கசியும். ஆயுள் முடியும் வரை பாவித்த எஸ்.எஸ்.டிக்குத் தொழில்துறை வைத்திருக்கும் அளவுகோல், 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான். 30 பாகை என்பது கொழும்பில் சாதாரண ஒரு பகல். முக்கியமானது இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

7. பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள். ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூ.எஸ்.பி உறை வாங்கிப் போட்டு, பிரதி வைக்கப் பாவிக்கலாம். யாருக்காவது கொடுப்பதென்றால், விண்டோஸ் ரீசெட்டில் டிஸ்க்கை முழுக்கத் துடைக்கும் தெரிவைக் கொடுங்கள். மணித்தியாலக் கணக்கில் ஓடும், ஓடட்டும். செத்துப்போன டிஸ்க் என்றால், உள்ளே இருக்கும் தட்டைச் சேதப்படுத்திவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டில் இருந்து வந்த பழைய லெப்டொப்கள் அலுமாரிக்கு மேலே சும்மா கிடக்கின்றன. கடல் காற்றுக்கு ஒவ்வொரு வருடமும் ஆணிகள் துருப்பிடித்துக்கொண்டே போகும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, தேவைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். குச்சிக்கான காசை நாலு பேர் சேர்ந்து போட்டுவிடலாம்.

புது லெப்டொப் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்க வேண்டிய நேரத்தில் வாங்கத்தான் வேண்டும். ஆனால் "இது முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால், எது முடிந்தது, டிஸ்க்கா லெப்டொப்பா என்று ஒரு தடவை கேளுங்கள். மொடல் இலக்கம் தெரியும்படி போட்டோ எடுத்து கொமென்டில் போட்டால், தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே ஐ.சி.டி ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களும் உதவுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

உயர்தரப் பிள்ளைகள் இருக்கும் குரூப்களுக்கு அனுப்பிவிடுங்கள்.